பிற குறிப்புகள்

கடையாலுமூட்டில் இறங்கினேன்.
மலைக்குப் போகிற பஸ் இன்றைக்கு இல்லை என்றார் கடைக்காரர்,
இல்லாதது வழக்கம் என்கிற குரலில்.
பையில் பதினாறு பக்கப் படிவம்.
கல்வித் தரத்தை அளந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம மாவட்டத்துக்கென்ன என்பார்கள்,
எழுத்தறிவில் எப்போதும் முன்வரிசை.
தக்கலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரும்
அதைத்தான் சொன்னார்.
முன்வரிசைக்குப் பின்னால் எத்தனை வரிசை என்று
கேட்க வாயெடுத்தபோது
அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

ரப்பர் தோட்டத்தின் ஊடே ஏறினேன்.
எனக்கு முன்னால் ஒரு கறுப்புக் குடை
வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கிப் போனது.

சர்க்கார் பள்ளியில் நேரத்துக்கு வரமாட்டார்கள்.
எத்தனை கல்யாணப் பந்தியில்
இதற்குத் தலையாட்டியிருக்கிறேன்.
பள்ளியின் பூட்டைத் திறந்தது அந்தக் குடைதான்:
தலைமையாசிரியை லீலாபாய்,
மணி பத்தேகால், சேலையோரம் முழுக்கச் சேறு.
வருகிற நாளிலும் முதல் பஸ்
ஒன்பது ஐம்பதுக்குத்தான் மேலே வருமாம்.
பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர்
இங்கே எத்தனை பாடவேளை என்று தீர்மானிக்கிறார்.
பாடத்திட்டக் குழுவில் அவர் பெயர் இல்லை.

மொத்தம் பதினோரு பிள்ளைகள்.
ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒருத்தன், அஜின்.
அவன் வந்தால் வருகை நூறு சதவீதம்.
அவனுக்குக் காய்ச்சல் என்றால் பூஜ்யம்.
இரண்டில் எதையும் வரைபடமாக்கிச் சுவரில் காட்டலாம்.
போன வருடம் காய்ச்சலைக் காட்டினார்கள்.

அவனிடம் கணக்குக் கேட்டேன்.
மூன்று மணி நேரத்தில் முந்நூறு மரம் பால் வெட்டினால்
ஒரு மணி நேரத்தில் எத்தனை மரம்?
சன்னலைப் பார்த்தான்.
"மழ பெய்தா வெட்ட மாட்டாவளே."

சிரித்துவிட்டேன்.
ஊர் திரும்பிச் சொன்னால் கைதட்டு கிடைக்கும் பதில்.
இருந்தும் திரும்பக் கேட்டேன்,
மழை இல்லை, நல்ல வெயில்.
விரலை மடக்கினான், விரித்தான்,
மறுபடி மடக்கினான்.
அவனுக்கு வகுக்கத் தெரியவில்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.
அந்த மழையின் அழகில் இதை மறைத்தால்
நனையப்போவது அவன்.

மதியம் அவன் அம்மா றோஸ்லெட் வந்தாள்,
கையில் பால் வாளி, நகக்கண்ணில் ஒட்டுப்பால்.
"கீழ உள்ள பெரிய பள்ளியோட இத சேக்கப் போறாவளாமே?
அங்க கம்ப்யூட்டர் உண்டாம், நல்லதுதான்.
நாலு கிலோமீட்டர் காட்டு வழி,
ஆன எறங்குத நாள அதுல பாக்க முடியுமா?"
பதில் எதிர்பார்க்காமல் சொன்னாள்:
"வேன் இங்க வரைக்கும் வந்தா
நானும் டை கட்டித்தான் அனுப்புவேன் கேட்டியளா."

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று.
மார்த்தாண்டம் பாலத்தருகே ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது,
என் மகள் முகமும் மதிப்பெண்ணும்,
கீழே 'எங்கள் தரம்' என்று பள்ளியின் பெயர்.
அந்த மதிப்பெண் விளைந்தது
எங்கள் தெரு ஷைனியின் டியூஷன் பெஞ்சில்.
ஷைனி படித்தது இதே போல் ஒரு மலைப் பள்ளியில்.
தகுதித் தேர்வு தேறி
ஒன்பது வருடமாக நியமனத்துக்குக் காத்திருக்கிறாள்.
பிளெக்ஸில் அவளுக்கு இடமில்லை.
நானும் கேட்கவில்லை,
பீஸ் கட்டி ரசீது வாங்கி வந்தேன்.

ராத்திரி வீட்டில் படிவத்தை இணையத்தில் ஏற்றினேன்.
கழிப்பறை இரண்டு, குடிநீர்க் குழாய் ஒன்று,
தண்ணீர் வருமா என்ற கேள்வி இல்லை.
கடைசியில் 'பிற குறிப்புகள்' என்றொரு சின்னக் கட்டம்.
அதில் எழுதினேன்:
வகுத்தல் முதலிலிருந்து தொடங்க வேண்டும்,
அதற்குக் காலையில் ஒரு பஸ் வேண்டும்.

சிவப்பு எழுத்தில் திருப்பியடித்தது:
எண்கள் மட்டும் உள்ளிடவும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு 830 என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.