பதினோராவது வளைவு

சென்றாயன் மூன்று நாளாய்ப் பனிக்குக் காத்திருக்கிறான்,
ஏற்காடு மலைப்பாதை, பதினோராவது கொண்டை ஊசி வளைவில்.
பனி வரவில்லை. மிளகாய் பஜ்ஜி வந்தது.
வேன் டிரைவர் வந்தார், பேட்டா கேட்டார்.
ஒரு குரங்கு வந்து கிளாப் பலகையின் சாக்பீஸைத் தின்றது.

நானும் அதே வளைவில்தான் இருந்தேன், தையல் டேப்போடு.
தடுப்புச் சுவர் இரண்டே முக்கால் அடி.
கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டைகள், ஏழாவதில்
ஏதோ லாரி உரசிய தழும்பு.
அதையும் அளந்தேன்.

"ஒனக்கென்ன, ஒரு பட்டனத் தட்டுனா பனி" என்றான்.
தட்டினால் வரும், உண்மைதான்.
ஆனால் என் பனிக்கு வேலை வேறு.
தூரத்து மலைகளை வரைய என் கம்ப்யூட்டருக்குத் தெம்பில்லை,
வரையாத இடத்தின்மேல் இழுத்துப் போர்த்துகிறேன்.
அவன் பனி அழகு.
என் பனி கடன்காரன் வரும்போது சாத்துகிற கதவு.

அவன் கேமராவுக்குப் பின்னால் என்ன என்று
எவரும் கேட்கப்போவதில்லை.
ஜெனரேட்டர் இருந்தது. ஈரத்துண்டு காயும் கயிறு இருந்தது.
பிளாஸ்டிக் நாற்காலியில் தயாரிப்பாளரின் மச்சான்
வாய் திறந்து தூங்கினார்.
என் ஆட்டத்தில் பின்னால் என்று ஒன்று கிடையாது.
ஆடுகிறவர்கள் திரும்புவார்கள்,
நான் பார்க்கச் சொல்கிற இடம் தவிர
எங்கும் பார்ப்பார்கள்.
ஆகவே மரத்தின் முதுகையும் செய்தேன்,
சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாசியையும்.
நாலு மாதம்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேலே எங்கள் அறை.
முதல் ஆளாய் ஆடிப் பார்க்க அஃப்ரோஸ் வந்தாள்,
அம்மாப்பேட்டை, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு.
ஆறு நிமிடத் துரத்தல் வைத்திருந்தேன்:
பின்னால் ஜீப், முன்னால் உருளும் பாறை, பெட்ரோல் வேறு குறைவு.
அவள் பைக்கை நிறுத்தினாள்.
சுவரோரம் போய் நின்றாள்.
ஜீப் இடித்தது, செத்தாள்,
எழுந்து வந்தாள், மறுபடி சுவரோரம்.
பதினேழு தடவை.
கீழே சேலத்தின் விளக்குகள்,
ஒரே தாளில் கைபோன போக்கில் நான் தூவிய புள்ளிகள்.
"அக்கா, இதுல எங்க தெரு எது?"

சென்றாயனிடம் சொன்னேன், சிரித்தான்.
"எம்படத்துல ஹீரோ ஒரு தடவதான் சாவான்,
அதுக்கே எட்டு டேக்கு."
பஜ்ஜி எண்ணெயைத் தாளில் துடைத்துவிட்டு,
"ஆனா எவனும் எறங்கி நின்னு ஊரப் பாக்கல" என்றான்.

ஐப்பசியில் ஒருநாள் அவனே வந்து ஆடினான்.
பழக்கதோஷம். ஃப்ரேம் தேடிப் பின்னால் பின்னால் நடந்தவன்
என் கணக்கு விட்டுப்போன விரிசலில் கால்வைத்து
ரோட்டுக்குள் விழுந்தான்,
உலகத்துக்கு அடியில்.
அங்கிருந்து பார்த்தால்
சேர்வராயன் மலை கவிழ்த்து வைத்த கிண்ணம்.
காப்பிச் செடிகள் வேரில்லாமல் தொங்குகின்றன.
தலைக்கு மேல் என் பைக்கின் டயர்கள், அடிப்பக்கம்.
ஊர் வெறும் கோடு.
விழுந்துகொண்டே இருந்தான், கீழே நான் தரை வைக்கவில்லை.
"இத நான் எடுக்கணும்னா மலையவே தூக்கணும்டி."
கன்ட்ரோலரை அவன் கையிலிருந்து வாங்குவதற்குள்
டீ ஆறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அந்த விரிசலை அடைத்தேன்.
அடைக்காமல் விற்க முடியாது.
விளக்குத் தாளில் ஒரு புள்ளியை மட்டும்
வரைபடம் வைத்துச் சரியான இடத்துக்கு நகர்த்தினேன்.
அஃப்ரோஸிடம் சொல்லவில்லை.

அவன் படத்தில் அந்த வளைவு நாலு நொடி வருகிறது.
பனி கடைசிவரை ஏமாற்றியதால் சாம்பிராணிப் புகை.
நன்றாகத்தான் இருந்தது.
மூன்றாவது நொடியில் ஏழாவது பட்டை தெரிந்தது,
அந்தத் தழும்பு.
இருட்டில் என் கட்டைவிரல் தானாக அசைந்தது,
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்க.

அதற்குள் திரையில்
யாருக்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.