விழாத கோல்கள்

பதினேழு சீசன், ஆறு கிளப்,
நானூற்றுப் பதினொரு ஆட்டம்.
கோல்? நான்கு.
ஐந்தாவது ஒன்று, எங்கள் வலையிலேயே.

மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
கையில் செதில் வாடையோடு
கோலுக்குப் பின்னால் நிற்பேன்.
கிரிம்ஸ்பியின் கடற்காற்றில்
பந்து போக்குக் காட்டும்;
கிரெய்க் மம்பி ஏமாறமாட்டான்.
அவன் நின்றதால் விழாத கோல்களை
எந்தப் பேரேடும் எழுதி வைக்கவில்லை.

நேற்று என் வாசலில் பார்சல்காரன்.
புருவத்தைப் பிளந்து தைத்த அதே தழும்பு.
கையெழுத்துப் போடாமல் சொன்னேன்:
"ஹார்ட்டில்பூல் ஆட்டம், கடைசி நிமிடம்,
கோட்டில் பாய்ந்து தலையால் தடுத்தாயே..."

"அது நானில்லை, பீட் ராம்ஸ்டன்.
நான் அன்றைக்குப் பெஞ்சில்."
சிரித்தான். முன்பற்கள் இரண்டும் பொய்.
"சொந்த வலையில் ஒன்று போட்டேனே,
அது ஞாபகமிருக்கிறதா?
அது நான்தான்."

இல்லையென்றேன்.
நம்பவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு
பக்கவாட்டில், படிபடியாய் இறங்கினான்.
வேனில் இன்னும் தொண்ணூறு பெட்டி.

போகிற போக்கில்
காற்றில் அடித்துக்கொண்டிருந்த என் கேட்டைக்
காலால் நிறுத்திக்
கொக்கி போட்டான்.