பதினான்காம் ஷரத்து

"கார் நிறுத்தும் தளத்தில் எண்ணெய்க் கறை காணின்
முன்பணத்தில் இருநூறு டாலர் பிடிக்கப்படும்."
வெண்டல் க்ரூஸ் இந்த ஒரு வரியை மட்டும்
தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்.
கூரை ஒழுகுவதைப் பற்றி
மெல்லிய எழுத்தில்கூட ஒன்றுமில்லை.

டுலூத்தில் எல்லாத் தெருவும் ஏரிக்குத்தான் இறங்குகிறது.
மேல்தெருவில் கைதவறிய ஆரஞ்சை
கீழ்த்தெருவில்தான் பிடிக்கலாம்.
எண்ணெய்க்கு மட்டும் வேறு வழியா தெரியும்?

சனிக்கிழமை காலை,
இரவு ஷிப்ட் முடிந்த கண்ணெரிச்சலோடு
தளத்தில் சமமாயிருக்கும் அந்த எட்டடியில்
பழைய ஷவர் திரையை விரித்தேன். மேலே
ஹவ்கன் வீட்டுப் புது ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி.
'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி
மல்லாந்து படுத்த என் தலையைக் காட்டியது.

எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடினால் போதும்.
குளிர்ந்த எண்ணெய் வர மறுக்கும்,
கொதித்த எண்ணெய் கையைப் பதம் பார்க்கும்.
திருமதி ஸ்டென்பெர்க்கைக் குளிப்பாட்டுமுன்
முழங்கை வைத்துப் பார்ப்பேனே, அந்தச் சூடு.

போல்ட்டின் கடைசிப் புரியில்தான் எல்லாம்.
விட மனமில்லாதவள் மாதிரி
உள்ளே அழுத்திக்கொண்டே திருக வேண்டும்,
பிறகு சட்டென்று
கையை இழுத்துவிட வேண்டும்.
டேலுக்கு இது கடைசிவரை வரவில்லை.
ஒன்பது வருடம் போல்ட்டைச் சட்டிக்குள் விழவிட்டு
முழங்கை முங்கத் துழாவினான்.
குளியலறைத் துவாலையெல்லாம் கரிய கைத்தடம்.
(விவாகரத்துக்கு அதுதான் காரணம் என்று
நான் சொல்லமாட்டேன். துவாலைகளைக் கேளுங்கள்.)

எண்ணெய் முதலில் எட்டிப் பாயும்,
வேகம் தணியத் தணியக் கிட்டே வரும்.
சட்டியும் கூடவே நகர வேண்டும்.
கம்பிப் பதத்துக்கு மெலிந்ததும் காற்றைக் கவனி.
ஏரிக்காற்று அந்த நூலைப் பிடித்துச்
சட்டிக்கு வெளியே ஒரு தையல் போட்டுவிடும்.
பீட்சா பெட்டியின் மூடியை நிறுத்தி
காவல் வைத்தேன்.

ஃபில்டருக்கு ரொட்டிப் பை.
தலைவழியே மாட்டி, பையோடு திருகி,
பையோடு இறக்கி, முடிச்சுப் போட்டாயிற்று.
பழைய ரப்பர் வளையம் மேலேயே
ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று.
புதியதன் உதட்டில் புது எண்ணெய் ஒரு தடவல்.
கைப்பிடி இறுக்கம் போதும்;
கோபத்துக்கு இங்கே வேலையில்லை.

போல்ட்டை முடுக்கி, புனல் வைத்து,
தேன் நிறத்தில் ஐந்து குவார்ட் ஊற்றி,
அளவுக் கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்து,
பழைய எண்ணெயைச் சலவைச் சோப்புக் கேன்களில் அடைத்து
மூடியை இறுக்கும்போது
வெண்டலின் பிக்கப் வந்து நின்றது.

யார் சொன்னார்களோ. அட்டைப்பெட்டிக்காரர்களாயிருக்கும்.
ஒரு முழங்காலை ஊன்றி
தொலைத்த காசைத் தேடுகிறவர்போல
சிமென்ட்டைத் தடவினார்.
விரலை முகர்ந்தார்.
வேறொரு விரலை முகர்ந்தார்.

"காதில் இருக்கு," என்றார் கடைசியில்,
பாதி வெற்றியோடு.
தொட்டுப் பார்த்தேன். ஆமாம், மடலில் ஒரு சொட்டு.
"இது நீங்க வாடகைக்கு விட்டதில்லை," என்றேன்.

அவர் போனபின்
பிக்கப் நின்ற இடத்தில் மூன்று சொட்டு,
நான்காவது
கிளம்பிய திசையில் வால் நீண்டு.
தேதி தெரியும்படி போனில் படம் எடுத்தேன்.

மத்தியானம் மழை என்றிருந்தார்கள்.
தெருமுனையில் வடிகால் மூடிமேல்
நீலத்தில் ஒரு மீன் வரைந்திருக்கும்.
பூனைமணலை அள்ளி வந்து
அவருடைய சொட்டுகள்மேல் கொட்டி
ஷூ குதிகாலால் அரைத்தேன்.
கறுக்கக் கறுக்கப் பெருக்கியெடுத்து
இன்னொரு பிடி. இன்னொரு பிடி.

படுக்கும்போது மணி பதினொன்று.
காதைக் கழுவ மறந்துவிட்டேன்.
தலையணை உறை
என்னுடையதுதான்.