நிரந்தர முகவரி

சொல்லுக்கு நாலு ரூபாய் ஐம்பது சதம்.
எண்ணுவது தமிழில்.
சேர்த்து எழுதினால் எனக்கு நட்டம்,
ஆகவே புணர்ச்சி விதிகளை மறந்து
பிரித்துப் பிரித்து எழுதிப் பழகிவிட்டேன்.

புரட்டாதியில் நாற்பத்தொரு பக்கம் வந்தது.
நகரப் புத்துயிர்ப்புப் பிணைமுறி.
பத்து வருடம், வட்டிக்கு வரி இல்லை.
பிணை என்றால் கட்டு. முறி என்றால் உடை.
கட்டி உடைப்பதா, உடைத்துக் கட்டுவதா?
அகராதி சொல்லவில்லை.
அனுப்பியவரிடம் நான் கேட்கவும் இல்லை.

முதலில் ‘நலிவுற்ற அயற்புறம்’ என்று போட்டேன்.
வாட்டில் படுத்திருக்கும் ஆள்போல் இருந்தது.
‘பின்தங்கிய’ என்று மாற்றினேன்,
138ஆம் நம்பர் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல.
திரும்பவும் நலிவுற்ற.
பதினேழு இடங்களில்.

இணைப்பு மூன்றில் வரைபடம்.
பேர வாவியில் தொடங்கிய சிவப்புக் கோடு
ரயில் பாதையோரம் வளைந்து
எண்ணெயாலைத் தோட்டத்தைச் சுற்றி மூடுகிறது.
கறுவாத்தோட்டமும் தோட்டம்தான்,
அதற்கு இப்படிக் கோடு போடுவதில்லை.
என் வாடகை அறை கோட்டுக்கு வெளியே,
பதினொரு அடி தள்ளி.
விலை ஏறும் பக்கம்.

பக்கம் இருபத்து மூன்று, இடர்க் காரணிகள்:
வட்டி வீதம் உயரலாம்; ரூபாய் இறங்கலாம்;
சீமெந்து தட்டுப்படலாம்; மழை பெய்யலாம்;
குடியிருப்போர் எழும்ப மறுக்கலாம்.
இரவு இரண்டு மணிக்கு
மழைக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில்
ஓர் அரைப்புள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மூன்று மாதம் கழித்து
பொதுக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்ததை
பசையோடு உரித்துக்கொண்டு அவளே வந்தாள்.
“மிஸ், இது என்னா பாஷை?”
தமிழ், என்றேன்.
“தமிழ்னு தெரியுது. என்னா சொல்லுது?”

என் வாக்கியத்தை நானே
அவளுக்கு மொழிபெயர்த்தேன், இலவசமாக.
வீடுகளை எடுப்பார்கள்.
அதற்குக் காசு, கடன்பத்திரம் வாங்குகிறவர்கள் தருவார்கள்.
அவர்களுக்கு வருடத்தில் இரண்டு தரம் வட்டி.
உங்களுக்கு மாடியில் ஒரு வீடு,
கட்டி முடித்த பிறகு.
“கட்டி முடிக்கிற வரைக்கும்?”
அது பக்கம் முப்பத்தாறில் இருக்கிறது, என்றேன்.
அங்கே ‘பொருத்தமான ஏற்பாடுகள்’ என்று மட்டும் இருக்கிறது
என்பதைச் சொல்லவில்லை.

ஜெசிந்தாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி.
இருபது வீடு, மாதம் ஐயாயிரம், சீட்டு.
பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் தலைமறைவாகவில்லை.
துவான் ஜஹான் தன் முறை வாங்கிய கையோடு மௌத்தானார்;
மிச்சத்தை மகன் ஓட்டோ ஓடிக் கட்டினான்.
அரசாங்கத்தின் பத்திரத்துக்கு ஓர் எழுத்தும்
பக்கத்தில் ஒரு கழித்தல் குறியும் கொடுத்தார்கள்.
கொப்பிக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

“ஆகக் குறைஞ்சது எவ்வளவு மிஸ்?”
ஒரு இலட்சம்.
விரல் மடக்காமலே கணக்கு முடித்தாள்.
“அப்ப இந்த மாசச் சீட்ட அப்படியே போட்டா,
எங்கட வீட்ட உடைக்கிறதுக்கு
எங்களுக்கே வட்டி வருமா?”

வரும், என்றேன். சட்டப்படி தடையில்லை.
வரிச்சலுகை மட்டும், வரிக் கோப்பு உள்ளவர்களுக்குத்தான் பயன்.
“பால்மாவுக்குக் கட்டுறது வரி இல்லயா?”
அதற்குக் கோப்பு இல்லை.

ஞாயிறு பின்னேரம் குழாயடியில் கூட்டம்.
சித்தி ரிஃபாயா வேண்டாம் என்றாள்,
சுமனாவதி இரண்டு வாங்குவோம் என்றாள், சிங்களத்தில்,
எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைக்காமல்.
யாரோ சிரித்தார்கள். யாரோ வாளியை உதைத்தார்கள்.
ஏழுக்குத் தண்ணீர் வந்ததும் கலைந்தது.

முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது.
செவ்வாய்க்கிழமை விண்ணப்பப் படிவத்தோடு வந்தாள்.
அதுவும் என் தமிழ்தான்.
பெயர், அடையாள அட்டை எண், கையொப்பம்
எல்லாம் அழகாக நிரப்பியிருந்தாள்.
ஒரு கட்டம் மட்டும் வெறுமை.

“நிரந்தர முகவரின்னு கேக்குது மிஸ்.
114/27/3ன்னு போடவா,
அவங்களே சொல்லுவாங்களா?”

பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.
நான் அந்தச் சொல்லைப் பார்த்தேன்.
அதற்கு எனக்கு நாலு ரூபாய் ஐம்பது சதம்
கொடுத்திருந்தார்கள்.