வாங்கி

இரவு இரண்டே கால்.
பதினான்காம் வார்ட்டிலிருந்து வந்த சளி
சின்னப் போத்தலுக்குள்
ஜெலி மாதிரி, மங்கிய சிவப்பில்.
மூடியில் தில்ருக்ஷியின் கையெழுத்து:
செபஸ்தியன் மரியதாஸ், ஐம்பத்திரண்டு, முகத்துவாரம்.
துறைமுகத்தில் கொள்கலன் இறக்குபவர்.
குடிப்பவர் என்று
வேறு பேனையால் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

தகட்டில் பூசி, சுவாலையில் மூன்று தரம் காட்டி,
ஊதா, அயடீன், அற்ககோல், கடைசியில் சிவப்பு.

நுணுக்குக்காட்டிக்குள்
பருத்த இளஞ்சிவப்புக் கோல்கள்.
ஒவ்வொன்றையும் சுற்றிச்
சாயம் பிடிக்காத ஒரு வெறுமை.
அதுதான் போர்வை.
உள்ளே இருப்பதன் சாயல் தெரியாதபடி
இழுத்து மூடிக்கொண்டு
சுவாசப்பைக்குள் இறங்கியிருக்கிறது.

எங்கள் பாடநூலில் 'வாங்கி' என்று இருந்தது.
கலத்தின் தோலில் நின்று
வருவதை வாங்கிப் பார்ப்பது.
பரீட்சைக்குப் படித்த நாளில் சிரிப்பு வந்தது.
கடன் வாங்கி, அடி வாங்கி, பேச்சு வாங்கி,
எதைத்தான் வாங்கவில்லை இந்தச் சொல்.

பிறக்கும்போதே கூட வந்தவை இவை.
முன்பின் யாரையும் சந்தித்ததில்லை,
பெயர் கேட்பதில்லை.
பற்றீரியாவின் சுவரில் ஒட்டியிருக்கும் கொழுப்பை,
நீந்தும் சவுக்கின் புரதத்தை,
ஒரு வகையை மட்டும் தடவிப் பார்த்து
உள்ளே மணியை அடித்துவிடுகின்றன.
வெண்குழியங்கள் ஓடி வருகின்றன.

வெள்ளவத்தையில், ஒரு லொட்ஜின் மூன்றாம் மாடியில்,
விடிய முன் கதவு தட்டிய வருடங்கள் உண்டு.
டோர்ச் வெளிச்சம் என் அடையாள அட்டையில் நின்றது.
பிறந்த இடம் என்ற வரியில்.
முகத்துக்கு ஏறவேயில்லை.

இந்த உவமையை நான் கூப்பிடவில்லை.
தானாக வந்து பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறது.
எழும்பு என்கிறேன்.
கலம் யாரையும் வெறுப்பதில்லை.
வாங்கி இல்லாமல் வளர்த்த எலிகளில்
கிருமி ஒரே இரவில் இரத்தம் வரை போய்விடும்,
அதையும் படித்திருக்கிறேன்.
காவல் வேண்டாம் என்று
என்னால் சொல்ல முடியாது.

தொலைபேசி.
டொக்டர் இஃப்ராஸ்.
"ஒட்சிசன் எண்பத்துநாலு.
படத்தில் வலது மேல்பக்கம் முழுக்க வெள்ளை.
ஆளுக்குச் சரியாக மூச்சு வாங்குது, மிஸ்."

இங்கேயும் வாங்குது.

"கிராம் எதிர். போர்வை போட்ட கோல்கள்," என்கிறேன்.
மருந்தை மாற்றுகிறார்.
வைத்த பிறகுதான் நினைவு வருகிறது,
அந்த வெள்ளையில் கிருமி எவ்வளவு,
ஓடி வந்தவர்கள் எவ்வளவு என்று
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
காற்று நிற்க வேண்டிய அறைகளில்
இப்போது ஆட்கள், தண்ணீர்,
உடைந்த கலங்களிலிருந்து கொட்டிய நூல்.

மூன்றாம் நாள் இன்னொரு போத்தல்.
அதே பெயர், அதே முகத்துவாரம்.
நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.
தகடு முழுவதும் தேடி
கோல்கள் நாலோ ஐந்தோ,
அவையும் நெளிந்து.
வெண்குழியங்கள் மட்டும் அப்படியே,
குவியல் குவியலாக,
இடிந்தவையும் இடியாதவையும்.

படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம்.
மூன்று சக போடுகிறேன்.
அவர்களை யார் திருப்பி அனுப்புவது
என்பதற்குக் கட்டம் இல்லை.

மேலே பதினான்காம் வார்ட்டில்
முகமூடிக்குள் ஒருவர்
இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்.
நேற்றையை விடக் கொஞ்சம் மெதுவாக
என்கிறாள் தில்ருக்ஷி.
கொஞ்சம்தான்.

ஆறு மணிக்கு வெளியே வருகிறேன்.
கேற்றடியில் காவலாளி அட்டையை வாங்கிப் பார்க்கிறார்.
பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறார்.
"வஹினவா நங்கி," என்கிறார்.
மழைதான்.
குடையை உள்ளே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.