பாதையில் ஏறிய வேன்

கேம்பர் வேன் என்றேன்.
அக்காவுக்கு முன்பாதி மட்டும்தான் கேட்டது.
"எந்தக் கேம்ப்?" என்றாள்
மரவள்ளி உரித்த கத்தியைக் கீழே வைக்காமலே.

ஓட்டமாவடி ஜவாஹிர் நாள் வாடகைக்குத் தருவது.
முந்தி மீனுக்கு ஐஸ் ஏற்றிய ஹயஸ்.
இப்போது உள்ளே மெத்தை, ஒற்றை அடுப்பு,
கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னல், பக்கத்துக்கு வலை.
ஒரு தாளில் எழுதித் தந்தான்:
டீசல் முள்ளை நம்ப வேண்டாம்.
மணலில் இறக்க வேண்டாம்.
பின்கதவை இரண்டுதரம் அடித்துச் சாத்தவும்.
ஓட்டப்போகிற ஆளைத் தேடி
என் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.
பின்னால் ஒரு ஆடுதான் நின்றது.

இழுப்பறையில் முன்பு வந்தவர்களின் மிச்சம்:
பாதி சன்கிரீம், ஏதோ பிள்ளையின் ஒற்றைச் சொக்ஸ்,
அறுகம்பையைப் பேனையால் வட்டமிட்ட வரைபடம்.
வட்டத்துக்கு வெகுதூரத்தில்
எங்கள் நாவலடி ஓர் எண்ணெய்ப் பொட்டு.

முதல் இரவு பனிச்சங்கேணி.
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு,
நடுவில் நாங்கள் வாங்கிய இறால்
வேகவே மாட்டேன் என்று கிடந்தது.
"வடிவுதான்" என்றாள் அக்கா,
மருந்துச் சிட்டையை வாங்கிக்கொள்கிற குரலில்.
படுப்பதற்காக வலையின் சிப்பை இழுத்தேன்.
சர்ர்ர்.
அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பதினாலு மாதம்.
கூடாரம் இலக்கம் நாற்பத்தேழு.
எனக்கு ஏழு வயது, சிப் ஒரு விளையாட்டு.
திறந்து மூடி, திறந்து மூடி
அவளிடம்தான் அடி வாங்கினேன்.
அவளுக்குப் பத்தொன்பது.
உடுப்பு மாற்ற விளக்கை அணைக்கவேண்டும்,
அணைத்தால் வெளியே யார் நிற்கிறார் என்று தெரியாது.
இதை அவள் சொன்னதில்லை.
எனக்குப் பத்தொன்பது வந்தபோது விளங்கியது.

"மனுசர் காசு குடுத்தா இதுக்குள்ள படுக்கிறாங்க?"
கடலைப் பார்த்துக் கேட்டாள்.
நாளுக்குப் பதினோராயிரம், டீசல் வேறு என்றேன்.
விரல் மடக்கிப் பார்த்தாள்.
"அப்ப எங்களுக்குப் பதினாலு மாசக் காசு
பாக்கி கிடக்குது புள்ள."
விடியும்வரை பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள்.
நான் மெத்தையில் கிடந்து
கதிரையின் கால்கள் மணலில் இறங்குவதைக் கேட்டேன்.

மறுநாள் தெற்கே.
பாசிக்குடாவில் ஹோட்டல் மதில்களைப் பார்த்தோம்.
மதில்களும் எங்களைப் பார்த்தன.
குருக்கள்மடத்துத் துறையில் வரிசையில் நின்றோம்.

மற்ற ஊர்களில் பாதை என்றால் கிடக்கும்.
எங்களுக்கு அது மிதக்கும்.
இரும்புத் தளம், கயிறு, இருமுகிற எஞ்சின்.
அதில் எங்கள் வேனும்
மூன்று மோட்டார் சைக்கிளும் உர மூட்டையும்
குடை மடக்காத ஒரு ரீச்சரும்.
வில்வராசா அண்ணன் டயருக்குக் கல் வைத்தார்.
"கொஞ்சம் முதுகைச் சாய்க்கிறன்" என்றாள் அக்கா.

நடு வாவியில் திரும்பிப் பார்த்தேன்.
வாய் திறந்து,
ஒரு கால் மெத்தைக்கு வெளியே தொங்க,
உறங்குகிறாள்.
கூரைக் கண்ணாடியில் பட்ட வெளிச்சம்
அவள் வயிற்றில் நெளிந்துகொண்டிருந்தது.
தூரத்துத் தீவில் கண்ணாப் பற்றை, அதன் மேல் கொக்குகள்.
கீழே எவருடைய காணியும் இல்லை.

அம்பிளாந்துறையில் எல்லோரும் இறங்கினார்கள்.
அண்ணன் வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.
"கிடக்கட்டும். போயிட்டு வருவம்."
போனோம்.
வந்தோம்.
இடையில் ஒரு தரம்
எஞ்சினைக்கூட மெல்லத்தான் முடுக்கினார்.

மூன்றாந்தரம் கரை தட்டியபோது எழும்பினாள்.
"எழுவானா, படுவானா?"
படுவான்கரை என்றேன், சூரியனைப் பார்த்துத்தான் சொன்னேன்.
"எவ்வளவு எடுத்தார்?"
"உறங்கிற ஆளுக்குக் காசில்லையாம்."
கொண்டையை முடிந்தபடி யோசித்தாள்.
"சரி. பாக்கியில கழிச்சுப்போடு."
இறங்கிப் போய்ப் பின்கதவை அடித்தாள்.
சாத்தவில்லை.
இன்னொருதரம் அடித்தாள்.