பதினேழாவது கதவு

வரைபடத்தில் பதினாறு கதவுகள்.
நடந்து எண்ணினால் பதினேழு.
மறுபடி நடக்கிறேன், தரைத்தளத்திலிருந்து,
பெர்கன் மழை கண்ணாடியில் வழிய வழிய.
பதினேழுதான்.

வெள்ளிக்குள் கோரிக்கை போகவேண்டும்,
மூன்று நிறுவனங்களுக்கு, ஒரே சொற்களில்.
அப்போதுதான் விலையை ஒப்பிடலாம் என்கிறார் கணக்காளர் ஸ்வேர்ரெ.
ஒரே சொற்களில் கேட்பது லேசில்லை, ஸ்வேர்ரெ.
"பாதுகாப்பு" என்று நான் எழுதினால்
ஒருவர் அதைக் கேமரா என்று படிப்பார்,
ஒருவர் அட்டை என்று,
ஒருவர் விடியவிடிய விழித்திருக்கும் ஆள் என்று.

குடியிருப்போரைக் கேட்டேன்: எதைக் காக்கவேண்டும்?
இரண்டாம் மாடிப் பல் மருத்துவர்: மயக்க மருந்து அலமாரி.
மூன்றாம் மாடிக் கப்பல் முகவர்: கோப்பறை.
உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும், என்று சிரித்தார்.
மேல்மாடியில் தனியாக மொழிபெயர்க்கும் ராக்ன்ஃப்ரிட்
நெடுநேரம் யோசித்துச் சொன்னாள்: என் சைக்கிள்.
சைக்கிளுக்கும் ஒரு வரி எழுதினேன்.

புழக்கத்தில் உள்ள அட்டைகள் நூற்றுப் பன்னிரண்டு.
புழங்கும் ஆட்கள் அறுபத்துநான்கு.
மிச்சம் வேலையை விட்டவர்கள், ஊர் மாறியவர்கள்,
போன மார்ச்சில் இறந்துபோன ஓட்டார்.
அவருக்கு இன்னும் எல்லாக் கதவும் திறக்கும்.
அழிக்கும் விசைமேல் விரலை வைத்துவிட்டு
காப்பி எடுக்க எழுந்துபோனேன்.

கேமரா எதைப் பார்க்கவேண்டும் என்பதற்கு அரைப் பக்கம்.
எதைப் பார்க்கக்கூடாது என்பதற்கு ஒன்றரை.
தெரு கூடாது. எதிர்வீட்டுச் சன்னல் கூடாது.
பேருந்து நிறுத்தத்தில் முத்தமிடுகிறவர்கள் கூடாது
(இதை மட்டும் பிறகு அடித்துவிட்டேன்).
படம் ஏழு நாள் இருக்கலாம், எட்டாம் நாள் மறந்துவிடவேண்டும்.
மறதிக்கு விலை கேட்டு எழுதுவது
எனக்கு இதுதான் முதல் தடவை.

பதினேழாவது பின்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கு அருகே.
இது கருவாட்டுக் கிடங்காக இருந்த காலத்து இரும்பு.
பூட்டு சரி. கீல் சரி.
இடுக்கில் உடைந்த குடை ஒன்று.
காற்று புரட்டிப்போட்ட குடைகளை
இந்த ஊரில் தெருத்தெருவாகப் பொறுக்கலாம்.
இது அப்படி வந்ததில்லை.
கம்பியை மடக்கி, அளவு பார்த்துச் செருகியிருந்தது.

மாலை ஆறரைக்குப் போய் நின்றேன்.
துப்புரவு செய்யும் லெதெப்ரஹான் வந்தாள்.
"வெளியிலிருந்து இது திறக்காது.
குப்பை கொட்டப் போனால் மாட்டிக்கொள்வேன்.
சுற்றிவந்து முன்வாசலில் மணி அடிக்கவேண்டும், இந்த மழையில்.
அட்டை கேட்டேன். படிவம் தந்தீர்கள்.
மூன்று வருஷம் ஆகிறது."
குடையை உருவி என்னிடம் நீட்டினாள்,
சாட்சிப்பொருளை ஒப்படைப்பதுபோல.

ஒரு நிறுவனமும் இதை இப்படி எழுதியிருக்காது.
அத்துமீறல், ஒன்று, என்று எழுதி
அதற்கொரு அலாரம் விற்றிருக்கும்.

இரவு ஒன்பதுக்கு நான் சேர்த்த வரி:
கதவு 17. வெளிப்புறமும் அட்டை வாசிப்பான் வேண்டும்.
ஈரக் கையுறை வழியாகவும் படிக்கவேண்டும்.
இரண்டு கையிலும் பை இருக்கும் என்று வைத்துக்கொள்ளவும்.

ஓட்டாரை அழித்தேன்.
அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச்சொல்லி
இரண்டு முறை தப்பாக அடித்து, ஏற்றினேன்.

விலை வர ஆறு வாரம், வேலை முடிய நான்கு மாதம்.
போகிறபோது பின்பக்கம் ஒரு நடை போய்
குடையை இருந்த இடத்திலேயே செருகினேன்.
சரியாக நிற்கவில்லை.
கம்பியை இன்னும் கொஞ்சம் மடக்கவேண்டியிருந்தது.